வைத்தது எங்கே?

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடை. அண்ணன் மகள் இன்ஜினீயரிங் முதலாண்டு சேர்ந்திருந்தாள். நோட்டு, ஃபைல் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைக்காரர் ஸ்டிக் ஃபைல், ஸ்பிரிங் ஃபைல், பட்டன் வைத்த பிளாஸ்டிக் கவர், லீவரைத் தூக்கித் தாளை மாட்டும் பாக்ஸ் ஃபைல் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "ஆறு பாடம், ஆறு கலர், சித்தப்பா. மேத்ஸுக்கு நீலம், பிசிக்ஸுக்குப் பச்சை, கெமிஸ்ட்ரிக்கு மஞ்சள்." வீட்டுக்குப் போனதும் லேபிள் ஒட்டி, ஆறையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் போட்டாகிவிட்டது.

முதல் இன்டர்னலுக்கு முந்தைய நாள் இரவு பத்து மணிக்குப் போன் வந்தது. கெமிஸ்ட்ரி முதல் யூனிட்டில் தண்ணீரின் கடினத்தன்மை பற்றி எதையோ காணோம். அது வகுப்பில் எழுதியதா, வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பிடிஎஃபா, சீனியரிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்ததா என்பதே நினைவில்லை. மஞ்சள் ஃபைலில் நான்கு தாள்தான் இருந்ததாம். மற்றதெல்லாம் பையின் அடியில், ரஃப் நோட்டின் நடுவில், போனின் டவுன்லோடு பக்கத்தில். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினாள். 'யூனிட் 1', 'யூனிட் 1 (1)', 'யூனிட் 1 ஃபைனல்', 'நியூ ஃபைனல்', அப்புறம் வாட்ஸ்அப் தானாகச் சூட்டிய எண் பெயர்கள் ஒரு முப்பது.

பள்ளிக்கூடத்தில் இவளுக்கு இப்படி ஆனதே இல்லை. அங்கே ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், ஒரு நோட்டு, மிஞ்சிப்போனால் ஒரு கைடு. என்ன எழுத வேண்டும், எந்தப் பக்கத்தில், எங்கே கோடு போட வேண்டும் என்பதெல்லாம் டீச்சர் சொல்லிவிடுவார். அடுக்கும் வேலையைப் பன்னிரண்டு வருஷம் வேறு யாரோ செய்திருக்கிறார்கள். அது ஒரு வேலை என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்லூரியில் ஒரே பாடம் ஐந்தாறு வழியாக வருகிறது. கரும்பலகை, ஸ்லைடு, பிடிஎஃப், ஜெராக்ஸ், லேபின் அப்சர்வேஷன் நோட்டு, பக்கத்து பெஞ்சில் கடன் வாங்கிய நோட்ஸ். ஆறு பாடத்தையும் இதனால் பெருக்கிப் பாருங்கள்.

கணினி அறிவியல் நடத்துபவன் என்பதால் எனக்கு இதைப் பார்த்ததும் செலவுக் கணக்குதான் ஞாபகம் வரும். எந்த அடுக்குமுறைக்கும் இரண்டு செலவு உண்டு: வைக்கும்போது ஆகும் நேரம், எடுக்கும்போது ஆகும் நேரம். எல்லாவற்றையும் பையில் திணித்தால் முதல் செலவு பூஜ்யம், இரண்டாவது மலை. ஒவ்வொரு தாளையும் பாடம், யூனிட், தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்தால் எடுப்பது நொடி வேலை. ஆனால் தினமும் அரை மணி நேரம் பிரிப்பதிலேயே போகும். அதைவிடப் பெரிய தொல்லை, மூன்றாம் நாளே சலித்துவிடும். அண்ணன் மகளின் ஆறு வண்ணத் திட்டம் செத்தது இங்கேதான். மாலை ஆறரைக்கு காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்குபவளுக்கு ஆறு ஃபைலைத் திறந்து மூடத் தெம்பு எங்கே இருக்கும்?

ஜப்பானியப் பொருளாதார அறிஞர் நோகுச்சி யுகியோ 1993இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் இதற்கு முரட்டுத்தனமான வழி ஒன்று சொன்னார். வகைப்படுத்தவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பெரிய உறை. அதன் ஓரத்தில் தலைப்பும் தேதியும். புதிய உறையை அலமாரியில் இடது கோடியில் செருக வேண்டும். எந்த உறையை எடுத்துப் பார்த்தாலும், திருப்பி வைக்கும்போது பழைய இடத்தில் வைக்காமல் மறுபடி இடது கோடியிலேயே வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. நாளாக நாளாக அடிக்கடி தேவைப்படுவது இடப்பக்கம் கூடும். யாரும் தொடாதது வலப்பக்கம் ஒதுங்கிவிடும்.

சோம்பேறியின் தந்திரம் மாதிரி இருக்கிறது. ஆனால் இதே விதி கணினி அறிவியலில் அதற்கு எட்டு வருஷம் முன்பே கணித நிரூபணத்தோடு வந்துவிட்டது. டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் இருவரும் 1985இல் எழுதிய கட்டுரை அது. ஒரு வரிசையில் பொருள்கள் இருக்கின்றன. முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தேட முடியும். அடுத்து எது தேவைப்படும் என்று தெரியாது. எடுத்ததை ஒவ்வொரு முறையும் வரிசையின் முதலில் வைத்துவிட்டால் மொத்த உழைப்பு எவ்வளவு ஆகும்? எதிர்காலம் முழுவதும் தெரிந்த ஒருவர், மிகச் சிறந்த முறையில் அவ்வப்போது அடுக்கி மாற்றிக்கொண்டே இருந்தாலும் அவருக்கு ஆகும் உழைப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது ஜோசியம் தெரிந்தவனோடு போட்டி போட்டாலும் அவன் ஒரு தாளைப் புரட்டும் நேரத்தில் நீங்கள் இரண்டு தாள் புரட்டுவீர்கள், அதற்கு மேல் இல்லை. உங்கள் கணினியின் நினைவகம் எதை அருகில் வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் இந்த மாதிரி விதியால்தான்: கொஞ்ச நேரம் முன்பு கேட்டதை மறுபடியும் கேட்பார்கள்.

எனவே முதல் ஆலோசனையாக அவளிடம் நான் சொன்னது, ஆறு ஃபைலையும் வீட்டு அலமாரியில் வைத்துவிடு, பையில் ஒரே ஒரு ஸ்டிக் ஃபைல் போதும் என்பது. அன்றன்றைக்கு வருகிற தாள் எந்தப் பாடமாக இருந்தாலும் தேதி போட்டு மேலே சேர்ந்துகொண்டே போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மட்டும் பிரித்து அந்தந்த நிறத்தில் போடு. வாரம் ஒருமுறை இருபது நிமிஷம். "அப்ப தினமும் அடுக்க வேணாமா?" என்று நம்பாமல் கேட்டாள். வேண்டாம்.

தாள் தாளாக இருப்பதால்தான் இது முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தைத்த நோட்டில் எழுதியதை இடம் மாற்ற முடியாது. எழுதிய வரிசைதான் கடைசி வரை. நான் படித்த காலத்தில் 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றே எல்லாப் பாடத்துக்கும். செமஸ்டர் முடிவில் ஒரே யூனிட் பதினேழு இடத்தில் சிதறிக் கிடக்கும். பரீட்சைக்கு முந்தைய இரவு நோட்டைக் கிழித்து, ஹாஸ்டல் தரையில் பரப்பி, ஃபேனை நிறுத்திவிட்டு அடுக்கியிருக்கிறேன். ஜெர்மனியின் பான் நகரில் எழுதுபொருள் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஃபிரீட்ரிக் சோனெக்கன் 1886இல் காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச் கருவிக்கும் அந்த ஓட்டையில் கோக்கும் ஃபைலுக்கும் காப்புரிமை வாங்கினார். இன்று நம் பஞ்சிங் மெஷின் போடும் இரண்டு ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரம் 80 மில்லிமீட்டர் என்பது சர்வதேசத் தரம். காகிதத்துக்கு இடம் மாறும் சுதந்திரம் கிடைத்தது அந்த ஓட்டையால்தான். கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு யாராவது பரிசு தர நினைத்தால் பேனாவை விட ஒரு பஞ்சிங் மெஷின் உருப்படியானது என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்க உட்கார்ந்தவளுக்கு அடுத்த சிக்கல். பிசிக்ஸ் வகுப்பில் ஸ்பிரிங்கில் தொங்கும் எடையின் அலைவைப் பற்றி எழுதிய தாள். அதில் பாதிக்கு மேல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷனைத் தீர்க்கும் வழி. பச்சையா, நீலமா?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி உலகப் புகழ் பெற்றவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வேலை அலுப்பாக இருக்கிறது, பழையபடி கணிதம் நடத்தவே விட்டுவிடுங்கள் என்று முதலில் திரும்பிப் போகப் பார்த்தவர். பயிற்சிக்கு லண்டன் அனுப்பினார்கள். அங்கே நூலகங்களில் அவர் கண்டது, ஒரு புத்தகத்தை ஒரே ஒரு பெட்டிக்குள் அடைக்கப் பார்க்கும் முறைகள். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம முறையில் அறிவெல்லாம் பத்துப் பெரிய அறை, ஒவ்வொன்றிலும் பத்துச் சிறிய அறை என்று மரம்போலக் கிளைக்கும். அந்தந்தக் கிளையில் போய்த்தான் புத்தகம் உட்கார வேண்டும். நெல் வயலில் பூச்சி பற்றிய புத்தகம் விவசாயமா, பூச்சியியலா?

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானை அவர் பார்த்த கதையை நூலகத் துறையில் எல்லோரும் சொல்வார்கள். துளையிட்ட உலோகப் பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே சில துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு நேரம் கிரேன், ஒரு நேரம் வண்டி. அறிவையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன? 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அப்படிப்பட்டது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பெட்டியைத் தேடாமல், அது எதைப் பற்றியது, என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்ற முகங்களைத் தனித்தனியே குறித்து, நடுவில் கோலன் போன்ற நிறுத்தற்குறிகளை வைத்துக் கோத்துவிடுவார். இன்று ஆன்லைன் கடையில் சட்டை தேடும்போது நிறம், அளவு, விலை, துணி என்று பக்கவாட்டில் டிக் அடிக்கிறோமே, அந்த யோசனையின் வம்சாவளியில் ரங்கநாதன் இருக்கிறார்.

ஆனால் புத்தகம் என்ற பொருள் கடைசியில் ஏதாவது ஒரு அலமாரியில்தான் நிற்க முடியும். அது ரங்கநாதனுக்கும் தெரியும்; அதற்காகத்தான் நூலகத்தில் அட்டவணை அட்டைகள் இருந்தன. புத்தகம் ஓரிடம், அதைச் சுட்டும் அட்டைகள் பல இடம். அண்ணன் மகள் செய்ததும் இதைத்தான். தாளைப் பச்சையில் போட்டாள். நீல ஃபைலில் ஒரு துண்டுச் சீட்டு: 'ஸ்பிரிங் கணக்கு, பிசிக்ஸ், செப். 15'. கணினியில் ஷார்ட்கட் என்று சொல்வது இந்தத் துண்டுச் சீட்டுதான்.

போன் விஷயத்துக்கு வருவோம். அவள் தலைமுறையின் வாதம் என்னவென்றால், எதற்கு ஃபோல்டர், தேடினால் வந்துவிடுமே என்பது. முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேரின் மின்னஞ்சல் பழக்கத்தைப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அஞ்சல்களை ஏகப்பட்ட ஃபோல்டர்களில் பிரித்து வைத்தவர்கள், தேடல் கட்டத்தில் சொல்லைத் தட்டித் தேடியவர்களைவிட ஒன்றும் சுலபமாகக் கண்டுபிடிக்கவில்லை. பிரித்த நேரம் வீண். இன்னொரு பக்கம், நாமே உருவாக்கிய கோப்புகள் என்று வரும்போது மக்கள் எவ்வளவு நல்ல தேடுகருவி கொடுத்தாலும் ஃபோல்டரைத் திறந்து திறந்து போவதையே விரும்புகிறார்கள் என்று இஸ்ரேலைச் சேர்ந்த ஓஃபர் பெர்க்மனின் ஆய்வுகள் காட்டுகின்றன. அவரும் சேர்ந்து செய்த 2015ஆம் வருஷத்து ஆய்வு ஒன்றில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஃபோல்டர் வழியாகப் போகும்போது, தெருவில் வழி கண்டுபிடித்துப் போக உதவும் மூளைப் பகுதிகள் வேலை செய்தன. சொல்லைத் தட்டித் தேடும்போது மொழிக்கான பகுதி வேலை செய்தது.

அடுக்களையில் பருப்பு டப்பா எங்கே என்று அம்மாவைக் கேட்டால் பேச்சை நிறுத்தாமலே கை போகும். இது இடம் பற்றிய ஞாபகம். வாய் சும்மா இருக்கலாம், வேறு யோசனையும் ஓடலாம். சொல் தேடுவதற்கு அந்தச் சொல் முதலில் ஞாபகம் வர வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வைத்து நான் எடுத்துக்கொண்டது இது: நீயே எழுதிய நோட்ஸுக்கு இடம் கொடு, ஃபோல்டர் போடு; நீ வைத்த இடத்துக்குக் கை தானாகப் போகும். பிறர் அனுப்பிய பிடிஎஃபுக்கு இடம் மறந்துவிடும், அதனால் நல்ல பெயர் கொடு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று ஐந்து மாடி கட்ட வேண்டாம். செமஸ்டர், பாடம், இரண்டு மாடி போதும்.

பெயர் என்றால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணினி பல இடங்களில் எண்ணை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும். 'யூனிட் 2', 'யூனிட் 10' இரண்டையும் கொடுத்தால் முதலில் வேறுபடும் எழுத்து 2, 1. ஒன்று சிறியது, ஆகவே பத்து முன்னால் வந்து உட்காரும். 02 என்று எழுதினால் சரியாகிவிடும். தேதியும் இப்படித்தான். நம் வழக்கப்படி 15-09-2025 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பதினைந்தாம் தேதியும் ஒன்றாகக் கூடும். 2025-09-15 என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போனால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். அதைத்தான் சர்வதேசத் தர நிறுவனமும் விதியாக வைத்திருக்கிறது. அண்ணன் மகளின் கெமிஸ்ட்ரி பிடிஎஃப் இப்போது '2025-09-15 கெமிஸ்ட்ரி 01 நீரின் கடினத்தன்மை'. 'ஃபைனல்' என்ற சொல்லுக்கு மட்டும் வீட்டில் தடை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான விஷயம். அடுக்குவது சுகமான வேலை. லேபிள் ஒட்டுவதும் ஹைலைட்டர் தீட்டுவதும் படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியைக் கொடுக்கும். நோட்ஸுக்கு இரண்டு பயன் உண்டு என்று கல்வி உளவியலில் சொல்வார்கள்: எழுதும்போதே மண்டையில் ஏறுவது ஒன்று, பிறகு எடுத்துப் பார்க்க வெளியே ஒரு கிடங்காக இருப்பது இன்னொன்று. ஃபைல் கவனித்துக்கொள்வது கிடங்கை மட்டும்.

மறதி எவ்வளவு வேகமானது என்று முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். ஜெர்மானியரான இவர் பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, சில நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். சோதனைச்சாலை எலியும் அவரே. 1885இல் வெளியான கணக்குப்படி இருபது நிமிஷத்தில் மிச்சம் ஏறத்தாழ 58 சதவீதம். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம். ஒரு மாதத்தில் 21 சதவீதம். கவனித்தால், சரிவு பெரும்பாலும் முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பொருளற்ற அசைகளுக்கான கணக்கு இது. பிசிக்ஸ் வகுப்பு அவ்வளவு மோசமில்லை என்று நம்புவோம்.

அப்படியானால் எழுதும்போதே மண்டையில் ஏற லேப்டாப்பில் தட்டலாமா, கையால் எழுதலாமா? பேனாதான் சிறந்தது என்று 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் செய்த ஆய்வு பத்திரிகைகளில் பலத்த சத்தத்தோடு வலம் வந்தது. லேப்டாப்பில் தட்டியவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள். கருத்துக் கேள்விகளில் சறுக்கினார்கள். 2019இலும் 2021இலும் வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது, சொல்லுக்குச் சொல் தட்டும் பழக்கம் அப்படியே தெரிந்தது. மதிப்பெண் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. எனவே பேனாவா, கீபோர்டா என்று சண்டை போடத் தேவையில்லை. கேட்டதை அப்படியே இறக்குமதி செய்யாமல் தன் சொல்லில் எழுதினால் போதும். டிக்டேஷனிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய மலை.

நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் சொல்லிக்கொடுத்த பக்க அமைப்பு இதற்கு ஒத்தாசை. தாளின் இடதுபுறம் இரண்டரை அங்குலத்தில் நெட்டாக ஒரு கோடு, அடியில் இரண்டு அங்குலம் விட்டு ஒரு கோடு. வகுப்பில் எழுதுவதெல்லாம் வலப்புறம். அன்று மாலை இடப்புறத்தில் கேள்விகள் மட்டும்: 'தற்காலிகக் கடினத்தன்மை எதனால்? கொதிக்க வைத்தால் ஏன் போகிறது?' அடியில் இரண்டு வரியில் சாரம். பிறகு படிக்கும்போது வலப்புறத்தை ஒரு அட்டையால் மூடிக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூடிக்கொள்வதில்தான் சங்கதி. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் மாணவர்களிடம் சூரியன், கடல் நீர்நாய் பற்றிய சிறு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு முறை படிக்க வேண்டும். இன்னொன்றை ஒருமுறை படித்து, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்ததுதான் முன்னால், 81க்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56. பரீட்சை ஹாலின் வாசலில் நின்று கடைசி நிமிஷம் வரை நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கு அது வேலை செய்வதுபோலத் தோன்றுவதும், அடுத்த செமஸ்டரில் ஒன்றும் மிஞ்சாததும் இதனால்தான்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாக்ஸ் ஃபைல்கள் ஆறும் அலமாரியில் நின்றன. மஞ்சள் தடித்திருந்தது, நீலம் இன்னும் தடிமன், இங்கிலீஷ் ஃபைல் மட்டும் காற்றாடியது. மேசையில் பையின் ஸ்டிக் ஃபைல். மேலே இருந்த தாளின் இடதுபக்கம் கோடு இழுத்து மூன்று கேள்விகள். நான்காவதில் எண் மட்டும் போட்டு விட்டிருந்தாள். ஆறு ஃபைலுக்கும் பக்கத்தில் ஏழாவதாக ஒன்று, நிறமில்லாத பழைய பிளாஸ்டிக் கவர். லேபிளில் 'மற்றவை'. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பஸ் பாஸ் விண்ணப்பம், ஆதார் ஜெராக்ஸ், ஹாஸ்டல் தோழி வரைந்த ஒரு பூனை, இன்னும் என்னவோ.

"ரங்கநாதன் இதை எங்க போடுவாரு, சித்தப்பா?" என்றாள் பூனையை எடுத்துக் காட்டி.